ராணி வேசத்துக்கு யார்?

வாழவந்தி நாட்டுத் திருவிழாவில் அந்தப் பழைய பாட்டு நாடகத்தை மறுபடியும் போடுகிறார்கள். ராணி வேடத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு நடிகை வருகிறாள். யாரை அழைப்பது என்பதில் ஊரே இரண்டுபட்டது. கௌசிகாவின் வீடும் தப்பவில்லை.

"சொர்ணமாலாதானுங்க ராணி! அந்தக் கொரலும், வாட்டசாட்டமான அந்த ஒடம்பும் வேற யாருக்கு இருக்குது?" என்றாள், சொர்ணமாலாவின் ஒரு படத்தையும் விடாத கௌசிகா.

"வேண்டாம், தாரிகா வரட்டும்," என்றான் ஒத்திகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் கணவன் சுரேந்தர்.

"அவளுக்குப் பாடவே வராதுங்களே!"

"பாடாட்டிப் போகுது. ஒல்லியா, அழகா இருக்கறா."

கௌசிகாவுக்குச் சுருக்கென்றது. கமிட்டியிலும் இவன் தாரிகாவுக்காகத்தான் மல்லுக்கட்டினானாம்.

"அவகூட மேடையேறோணும்னு அத்தனை ஆசைங்களா?" கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சுரேந்தர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான்.

"ராணி குதிரை மேல உக்காந்து மூணு பாட்டுப் பாடறா, கண்ணு. அது துணியில செஞ்ச குதிரை. முன்னங்கால் யுவராஜ். பின்னங்கால் நானு."

கௌசிகா சிரிப்பை அடக்கிக்கொண்டு, கமிட்டித் தலைவர் அர்த்தநாரிக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, தாரிகாவே ராணியா இருக்கட்டுங்க. சொர்ணமாலாவுக்கு நடந்து வர்ற வேசம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"