ஒரு சாண் இடைவெளி

உள்பக்கக் கண்ணாடியை இழுத்து மூடியதும் தெரு ஒரேயடியாக வாயடைத்துப்போனது.

பஸ்கள் முக்கி முனகித் திரும்புகிற முனை அது. லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தால் லேசில் எடுக்கமாட்டான். ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போகும். எல்லாம் இப்போதும் கீழே போய்க்கொண்டுதான் இருந்தன, சத்தத்தை எங்கேயோ இறக்கிவைத்துவிட்டு வந்தவை மாதிரி.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் கண்ணாடிக்காரர்.

"ரொம்ப நல்லாருக்குண்ணா!"

கத்திவிட்டாள். அவளுக்கே கூச்சமாகப் போயிற்று. கண்ணாடிக்காரரின் மச்சான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வெட்டிப்போட்ட ரப்பர்த் துண்டுகளைப் பொறுக்கினான்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் பேச்சு இப்படித்தான். ஊரிலிருந்து போன் செய்கிற தங்கச்சி, "ஏன்க்கா சண்டைக்கு வர்ற மாதிரியே பேசுற?" என்பாள்.

கணவனின் தாத்தா காலத்து வீடு. மாடி அறையில் ஆளுயர ஜன்னல். தேக்குச் சட்டம், காற்றடித்தால் கடகடக்கிற மெல்லிய கண்ணாடி. பழைய கட்டடம், வெளித்தோற்றத்தில் கைவைக்க அனுமதி கிடையாது. அதனால் அந்த ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, ஒரு சாண் உள்ளே தள்ளித் தடித்த கண்ணாடியில் இன்னொன்று போட்டிருந்தார்கள். சுவர் எங்கேயும் நேராக இல்லை. கண்ணாடிக்காரரும் மச்சானும் காலையிலிருந்து சட்டத்தை இழைத்து இழைத்துப் பொருத்தியிருந்தார்கள்.

இதை அவள் கேட்கவில்லை. கணவன் பிடித்த பிடிவாதம். குழம்பில் உப்பு போதுமா என்று கேட்டால்கூட 'நீ சொன்னா சரி' என்கிற ஆள், இந்த ஒன்றில் மட்டும் இறங்கி வரவே இல்லை.

"பட்டு ரூம்ல மட்டுமாவது சத்தம் இருக்கக்கூடாது."

"ஆம்புலன்ஸ் போனாக்கூட அசையாம தூங்குற பிள்ளைக்கு எதுக்குங்க இது?"

அடுத்த வாரமே அளவெடுக்க ஆள் வந்துவிட்டது.

ஒரு வயதாகப்போகிற பிள்ளைக்கு அப்படியொரு தூக்கம் வாய்த்ததில் அவளுக்குப் பெருமை. கண்பட்டுவிடுமோ என்று பயந்துகொண்டேதான் எல்லோரிடமும் சொல்வாள்.

பட்டு இப்போது தரையில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். டப்பா மூடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தான். அவள் கட்டில் விளிம்பில் இருந்தாள், கணவன் அவளுக்குப் பின்னால் சுவரோரம். அவனைக் கத்தாமலே கூப்பிடலாமே என்று அப்போதுதான் தோன்றியது. மற்ற வீட்டு அம்மாக்களைப் போல.

"பட்டு," என்றாள், ரகசியம் சொல்கிற குரலில்.

அவன் திரும்பவில்லை. விளையாட்டு மும்முரம்.

"பட்டுக்குட்டி... அம்மா பாரு."

இன்னொரு மூடி ஏறியது.

"டேய் பட்டு!"

பஸ்களுக்கு மேலே எழும்பிப் பழகிய குரல். மூடிய அறைக்குள் அது அறைந்த மாதிரி விழுந்தது. மச்சான் கையிலிருந்த ரப்பரைத் தவறவிட்டு நிமிர்ந்தான்.

பிள்ளை நிமிரவில்லை.

அவள் எழுந்தாள். ஒரு அடி வைத்தாள். மாடித் தரை முழுக்க மரப்பலகை. அவள் கால் பட்ட இடத்தில் லேசாக அமுங்கியது. பட்டு சட்டென்று தலையைத் திருப்பினான். அவளைக் கண்டதும் புதிதாக முளைத்த இரண்டு பல்லும் தெரியச் சிரித்தான்.

"பாத்தீங்களாண்ணா, அம்மா கூப்பிட்டதும் எப்படித் திரும்..."

வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிற வாக்கியம். பாதியிலேயே நின்றுவிட்டது.

அவள் தன் காலைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். பட்டு மறுபடி மூடிகளின் பக்கம் திரும்பும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்ற இடத்திலிருந்தே கையைத் தட்டினாள். உள்ளங்கை எரிய எரியத் தட்டினாள்.

ஒன்றுமில்லை.

குதிகாலால் பலகையை ஒரு அழுத்து அழுத்தினாள்.

திரும்பினான். சிரித்தான்.

கண்ணாடிக்காரர் மச்சானுக்குக் கண்ணைக் காட்டினார். இருவரும் சாமான்களை அள்ளிக்கொண்டார்கள். "கீழ இருக்கோம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.

அவள் கணவனைத் தேடினாள். சுவரோரம் தரையில் சாய்ந்திருந்தான். இத்தனை பாடுபட்டுப் போட்ட கண்ணாடியை அவன் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளையின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் திடுக்கிடல் இல்லை. கண்கள் மட்டும் சிவந்திருந்தன.

அவள் விறுவிறுவென்று ஜன்னலுக்குப் போனாள். புதுக் கண்ணாடியைத் தள்ளினாள். பழைய ஜன்னலின் கொக்கியை நெம்பி இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். தெரு மொத்தமும் அறைக்குள் வந்து விழுந்தது.

"இந்த இரைச்சல்ல பிள்ளைக்கு எப்படிங்க கேக்கும்? யாருக்குத்தான் கேக்கும், சொல்லுங்க!"

அவன் எழுந்து அவளிடம் வந்தான். பலகைகள் அதிர, பட்டு தலையைத் தூக்கி அப்பா போகிற பக்கம் பார்த்தான்.

கணவன் ஏதோ சொன்னான். கீழே ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது, அவளுக்கு எட்டவில்லை. அவன் மறுபடியும் சொன்னான்.

"எனக்கு முன்னாடியே தெரியும்."

அவள் அதை அவன் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள்.