முன்பலகை

ஆறு கடலில் சேரும் இடத்தில், செங்குத்தான கரும்பாறைகளுக்கு நடுவே, படகுக்காரர் வழக்கம்போல மோட்டாரை அணைக்கிறார். பாறைப் பொந்துக்குள் அலை போய்க் களுக்கென்று விழுங்கப்படும் சத்தம் மட்டும் மிஞ்சுகிறது. ஒரு நீர்க்காகம் ஈரச் சிறகுகளை விரித்து வெயிலில் காய்கிறது. பாசிக் கல்லின்மேல் இரண்டு நீர்நாய்கள் ஒரே மீனுக்கு மல்லுக்கட்டுகின்றன. படம் எடுக்க, சுற்றுலா வந்த ஒரு பெண் எழுந்து நிற்கிறாள். "உக்காருங்கம்மா. கைய வெளிய நீட்டாதீங்க, இதுங்களுக்கு விரல்னா உசுரு," என்கிறார் படகுக்காரர். வருடக்கணக்காக இதே இடத்தில் சொல்லும் வார்த்தை. சொன்ன கையோடு, படகின் முன்பலகையில் உட்கார்ந்திருக்கும் அவர் தம்பி ஒரு விரலை மடக்கிக்கொண்டு மற்ற நான்கையும் தூக்கிக் காட்டுவான். "அண்ணன் பேச்சக் கேக்காம போன விரலுங்க இது!" என்பான். சிரிப்பில் படகே ஆடும். தம்பியைக் கடல் கொண்டுபோய் ஒரு மாதம் ஆகிறது. முன்பலகையில் இப்போது சுருட்டிய கயிறு மட்டும் கிடக்கிறது. அவருக்கு அழுகை வரவில்லை. மரத்துப்போன காலைத் தட்டிப் பார்ப்பதுபோல அவன் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறார், ஒன்றும் உறைக்கவில்லை. கண் மட்டும் பழக்கதோஷத்தில் முன்பலகைக்குப் போய், பதிலுக்காக நிற்கிறது. அவர் பார்க்கும் பக்கம் பார்க்கத்தானே எல்லாரும் காசு கொடுத்து வந்திருக்கிறார்கள். கேமராக்கள் மொத்தமாக அந்தப் பக்கம் திரும்புகின்றன. "அங்க என்னண்ணே தெரியுது?" என்று அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள். முன்பெல்லாம் அந்தச் சிரிப்பு அடங்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு, அவர் மோட்டாரைக் கிளப்புகிறார்.