முன்னாடி போனவர்

வழிகாட்டி மறுபடியும் நின்றார். பாதை இரண்டாகப் பிரிந்திருந்தது. இரண்டு பக்கமும் இடுப்பளவுக்குப் புதர். திரும்பிப் பார்க்காமல், கம்பை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார்.

"பாரு, எப்படி யோசிக்கிறார்னு! பழம் தின்னு கொட்டை போட்டவரு" என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மனைவியின் காதைக் கடித்தார். பிறகு உரக்கக் குரல் கொடுத்தார். "ரைட்டு!"

வழிகாட்டி உடனே இடது பக்கம் நடந்தார்.

கடைக்காரருக்கு வாயைத் திறந்தால் 'ரைட்டு'தான். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவள் கேட்டபோதும் அதையேதான் சொன்னார்.

அவள் நர்ஸ். முதுகில் பத்துக் கிலோ பை. மனசில் அதைவிடப் பெரிய பாரம். நாளைக் காலையில் தலைமை நர்ஸ் பதவிக்கு நேர்காணல். எட்டு வருஷம் காத்திருந்து வந்தது.

"ஒரு நாள் பூரா நடந்தா பயமெல்லாம் ஓடிடும். சுத்திட்டு வந்து அதே ஸ்டாப்புல ஆறு மணி பஸ்ஸைப் பிடிச்சிடலாம்" என்று தேன் ஒழுகப் பேசிக் கூட்டி வந்தவர் கணவர்தான். அதை விட்டால் அடுத்த பஸ் நாளை மதியம்.

காலையில் பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்கி வழிந்து, பஸ் முடியும் இடத்தில் இறங்கிப் பார்த்தால் பாதையைக் காணோம். ஆள் நடமாட்டமே இல்லாமல் புதர் மூடிக் கிடந்தது. பக்கத்து மரத்தடியில் ஒருவர் இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். மேலே பனியன், கீழே காக்கி பேண்ட். காக்கியைப் பார்த்ததும் கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வனத்துறை ஆளேதான்!

"அண்ணே, நீங்க முன்னாடி போயிருக்கீங்களா?"

"முப்பது வருஷமா முன்னாடிதானே தம்பி நம்ம இடம்."

"அப்ப கொஞ்சம் முன்னாடி போங்கண்ணே. நாங்க பின்னாடியே வர்றோம்."

அவர் புதரைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். "சாயங்காலம் வரைக்கும் எனக்கும் சும்மாதான். போலாமா?"

"ரைட்டு!"

அப்போது ஆரம்பித்த நடை. முள் கிழித்தது, அட்டை கடித்தது. ஒரே ஓடையை மூன்று முறை தாண்டினார்கள். ஒவ்வொரு பிரிவிலும் அவர் நிற்பதும், இவர் 'ரைட்டு' போடுவதும், அவர் கிளம்புவதுமாக மத்தியானம் போயே போய்விட்டது.

"ஏங்க, இந்தப் பாறையை ஏற்கெனவே பார்த்தோமே" என்றாள் நர்ஸ்.

"பாறைன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"அது மேல கிடக்கிறது நீங்க போட்ட பிஸ்கட் கவருங்க! ஊருக்கே கண் டெஸ்ட் பண்றீங்க, இது தெரியலையா?"

கடைக்காரர் கவரைக் குனிந்து எடுத்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஏதாவது சொல்லியாக வேண்டுமே. "ரைட்டு" என்றார். முன்னால் நின்றவர் விறுவிறுவென்று கிளம்பிவிட்டார்.

மணி ஆறாகச் சில நிமிஷம்தான் இருந்தது. நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. "நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

அவர் சடாரென்று நின்றார். கடைக்காரர் அவர் முதுகில் போய் மோதினார்.

"அண்ணே, பஸ் ஸ்டாப்புக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

"என்னைக் கேட்டா எப்படிம்மா? இந்தக் காட்டுக்குள்ள நான் இன்னைக்குத்தான் கால் வைக்கிறேன்."

கடைக்காரர் அவருக்கு முன்னால் போய் நின்றார். "முப்பது வருஷமா முன்னாடி போறேன்னு சொன்னீங்களேண்ணே?"

"ஆமா. இப்பவும் முன்னாடிதானே போறேன்? பாம்புக்குப் பயந்துக்கிட்டு என்னை முன்னாடி விடுறீங்கன்னு நெனச்சேன். ஒவ்வொரு முக்குலயும் நின்னு பார்த்தேன். நீங்கதான் பின்னாடியிருந்து ரைட்டு ரைட்டுன்னு சொல்லிக்கிட்டே வந்தீங்க. வழி தெரிஞ்சவர் சொல்றார்னு நானும் போயிட்டே இருந்தேன்."

நர்ஸ் பையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வாட்சில் மணி ஆறு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"போச்சு. எட்டு வருஷம் காத்திருந்தேனே... பஸ் இந்நேரம் கிளம்பிப் போயிருக்கும்."

கடைக்காரர் வாயைத் திறந்தார். கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக அந்த வார்த்தை வரவில்லை.

காக்கி பேண்ட்காரருக்கு மனசு கேட்கவில்லை. அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பரிவோடு சொன்னார்:

"அழாதேம்மா, பஸ் எப்படிப் போகும்? டிரைவர் நான்தானே!"