இரண்டு பாதி

அலுத்துப்போய் வீடு திரும்பியவரைத் தையல் மெஷின் சத்தம்தான் வரவேற்றது. கட்டில் நிறைய ஒட்டுத்துணி.

“போர்வை இன்னும் முடியலையா?”

“புது முறைங்க. பஞ்சு வெச்சு ரெண்டு பாதியாத் தைச்சு, கடைசியா இணைக்கணும்,” என்றாள் மனைவி, கழுத்தைப் பிடித்துவிட்டபடி.

“கடையில வாங்கினா இந்தக் கூத்து எதுக்கு? நிறுத்து, தலை வலிக்குது.”

நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், இரண்டு பாதிக்கும் சுற்றிலும் ஓரம் மடித்துத் தைத்திருந்தாள்.

“ஓரம் அடிச்சிட்டியே! இனிமே எப்படி இணைப்பே?”

“இணைக்கலைங்க.” ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினாள். “உங்க பழைய சட்டைத்துணி எல்லாம் இதுலதான் இருக்கு. வெச்சுக்குங்க.”

மற்றதை மடித்துத் தன் பெட்டியில் வைத்தாள். பெட்டியில் அவளுடைய துணிமணி அத்தனையும் இருந்தது.

“உனக்கு... உடம்புக்கு முடியலையா?” அவள் மறுபடி கழுத்தைப் பிடித்துவிடுவதைப் பார்த்து, முதல் தடவையாகக் கேட்டார்.

“இப்பப் பரவாயில்லைங்க,” என்று பெட்டியைத் தூக்கினாள்.