தேவாலயத்தடி நிறுத்தம்

அந்தக் கிழவர் தன்னைப் பின்தொடர்கிறார் என்று கிராமசபையில் முறைப்பாடு சொன்னபோது சிவமலருக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

பின்னே என்ன செய்வது?

பாடன் நகரிலிருந்து நாற்பது நிமிடம் பஸ்ஸில் வந்து, வயல்களுக்கு நடுவே நிற்கும் பழைய பப்டிஸ்ட் தேவாலயத்தைக் காலையில் திறந்து, துடைத்து, பின்னேரம் பூட்டுவது அவள் வேலை. ஆராதனை நின்று கனகாலம். இப்போது கிராமசபைதான் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறது. சைக்கிளில் போகிறவர்கள் எப்போதாவது தெருவோர நினைவுப் பலகையைப் படம் எடுப்பார்கள். உள்ளே வரமாட்டார்கள்.

கணவர் போனபிறகு வீட்டிலும் தனிமை, இங்கேயும் தனிமை. ஒரு சொல்கூடக் கதைக்காமலே முடிந்துபோகும் நாட்களும் உண்டு.

கதவைப் பூட்டிவிட்டு அவள் பஸ்ஸுக்கு வரும்போது ஹெர் கெல்லர் என்ற அந்தக் கிழவர் பலகையடியில் நிற்பார். எண்பதைத் தாண்டியவர். கையில் ஊன்றுகோல். அவளைப் பார்க்கவே மாட்டார். ஊர் ஒதுக்கிவைத்த ஏழு குடும்பங்கள் தங்கள் கையாலேயே கட்டிய தேவாலயம் இது என்று பலகையில் எழுதியிருக்கும். அதை ஏதோ புதிதாக வாசிப்பதுபோல் அந்தப் பக்கமே திரும்பி நிற்பார்.

பஸ் வந்ததும் அவளுக்குப் பின்னால் ஏறுவார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். ஒவ்வொரு நாளும் இப்படித்தான்.

ஒருநாள் அவள் வேண்டுமென்றே ஒரு பஸ்ஸை விட்டுவிட்டுப் பிந்தி வந்தாள். அப்போதும் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குத்தான் பயந்துபோனாள்.

கிராமசபைப் பெண் அவரிடம் பக்குவமாகக் கதைப்பதாகச் சொன்னாள். அடுத்த நாளிலிருந்து அவர் வரவில்லை. சிவமலர் நிம்மதியாகப் பஸ் ஏறினாள்.

மூன்று மாதம் போனது. நிறுத்தத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து பஸ் இங்கே நிற்காது. அடுத்த நிறுத்தத்துக்கு இரண்டு கிலோமீற்றர் நடக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஓட்டி வந்தவர் சச்சிதானந்தன். அந்தப் பாதையில் பல வருடமாக ஓட்டுகிறவர். ஏன் அண்ணை இப்படிச் செய்கிறார்கள் என்று அவரிடம் கேட்டாள்.

“ஒரு நாளைக்கு ரெண்டு பேராவது ஏறவேணும் தங்கச்சி. இப்ப நீர் ஒராள்தானே.”

“முந்தியும் அப்பிடித்தானே?”

“முந்தி கெல்லர் ஏறினவர்.” சச்சிதானந்தன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “அந்தாளின்ரை வீடு தேவாலயத்துக்குப் பின்பக்கம். அந்தச் சபையிலை மிஞ்சின ஒரே ஆள் அவர்தான். ஒரு நிறுத்தம் வந்து இறங்கி, திரும்ப நடந்தே போவார். இந்த வெளியிலை நீர் தனிய நிக்கக்கூடாது எண்டு, எவ்வளவு பிந்தினாலும் காத்துக்கொண்டு நிப்பார். உம்மட்டைச் சொல்லவேண்டாம் எண்டவர். இப்ப ஏன் விட்டவரோ தெரியேல்லை.”

சிவமலர் மணியை அழுத்தினாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள்.

தேவாலயத்தடிக்குத் திரும்ப நடந்தாள். ஏற்றமான பாதை. பனி இறுகிப்போய்க் கிடந்தது. இரண்டு தரம் வழுக்கினாள். ஐம்பத்தாறு வயதுக்காரி அவளுக்கே நாற்பது நிமிடம் எடுத்தது. மன்னிப்புக் கேட்க வேண்டிய ஜெர்மன் வசனத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள்.

கதவைத் தட்டினாள். ஹெர் கெல்லர் திறந்தார். அவளைக் கண்டதும் ஒரு அடி பின்னால் போனார்.

சொல்லிப் பார்த்த வசனம் வரவில்லை. அவள் அழுதாள்.

கிழவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஆணியில் கொழுவியிருந்த குளிர்கோட்டை எடுத்தார்.

“பஸ்ஸை விட்டுவிட்டீர்களா? அடுத்தது ஆறு மணிக்குத்தான்” என்றார். “உங்களுக்குப் பயமில்லையென்றால், அதுவரை நானும் வந்து நிற்கிறேன்.”