அறையில் இருந்தவர்கள்

ஏழாவது பாட்டில் அவள் பெயர் இல்லை.

ஆல்பம் அட்டையில் அச்சாகப்போகிற, எழுதியவர்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள்.

இல்லவே இல்லை.

மற்ற ஒன்பது பாட்டிலும் இருக்கிறது. திலீபன், கேப்ரியல், அவள். பேண்டில் இருப்பதே மூன்று பேர்தான். ஏழாவதில் மட்டும் அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அருள்வேந்தன் என்று போட்டிருக்கிறது.

அந்த அருள்வேந்தன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சினிமாவுக்கு முந்நூறு பாட்டு எழுதியவர். ராக் ஆல்பமாக இருந்தாலும் ஒரு பாட்டாவது ஊர் முழுக்க ஓட வேண்டாமா என்று ஆல்பம் போடும் கம்பெனி அனுப்பிவைத்தது. ஒரு மத்தியானம் வந்தார். இரண்டு வார்த்தையை மாற்றினார். காபி பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

'பேசின் பிரிட்ஜ் வெயிலில்' என்று அவள் எழுதியிருந்தாள். 'பாலைவன வெயிலில்' என்று அவர் ஆக்கினார்.

அவ்வளவுதான். மிச்சம் அத்தனை வரியும் அவளுடையது. மெட்டும் அவளுடையது.

பிள்ளை பெற்ற பதினெட்டாம் நாள் ஃபோனில் பாடி அனுப்பிய பாட்டு அது. தையல் வலியோடு, அடித்தொண்டையிலிருந்து கத்திப் பாடினாள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள்.

"என்னடா இது?"

திலீபன் நிமிரவில்லை.

"நம்ம ரூல்தானே? ரூமுக்குள்ள யார் இருந்தாங்களோ அவங்க பேரு. நீ அன்னிக்கு வரல."



அந்த ரூலைப் போட்டவள் அவள்தான்.

ஆறு வருடத்துக்கு முன்னால், நான் எழுதினேன் நீ எழுதினாய் என்ற சண்டையில் பழைய பேண்ட் உடைந்தது. மறுவாரமே புது பேண்டின் பயிற்சி அறைச் சுவரில் தடித்த மார்க்கரால் எழுதினாள். கதவைச் சாத்தும்போது உள்ளே இருக்கும் எல்லோருக்கும் பெயர். யார் என்ன செய்தார்கள் என்று கேட்கக் கூடாது. மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். உலகத்திலேயே இல்லாத நியாயத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பு.

யார் யார் வந்து உள்ளே உட்காருவார்கள் என்று யோசிக்கவில்லை. யார் வர முடியாமல் போகும் என்றும் யோசிக்கவில்லை. அன்றைக்குப் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

"சின்ன விஷயம்தாங்க," என்றாள் கம்பெனி மேலாளர் மிருதுளா. "ஒன்பது பாட்டுல உங்க பேரு இருக்கே. ஒண்ணுல சார் பேரு இருந்தா ஆல்பத்துக்கே நல்லது. நீங்க கையெழுத்துப் போட்டா பன்னண்டு மணிக்கு அட்டை பிரிண்டுக்குப் போயிடும்."

சின்ன விஷயமாம்!

அருள்வேந்தன் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா பாடியிருக்கம்மா."

பாடியிருக்கிறாளாம்.

கண் கரித்தது. இவர்கள் முன்னால் அழுதால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். அழவில்லை.

பேனாவை எடுத்தாள். மிருதுளாவின் முகம் மலர்ந்தது.

முதல் பாட்டு. அது உருவான அன்று அவள் மூலையில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தன் பெயரை அடித்தாள்.

இரண்டாவது. டீ வாங்கி வந்து கொடுத்ததோடு சரி.

அடித்தாள்.

"ஏய், என்ன பண்றே?" திலீபன் எழுந்துவிட்டான்.

மூன்றாவதில் பல்லவி அவளுடையது. விட்டுவிட்டாள்.

நான்காவதில் கை நின்றது.

எந்த மேடைக்குப் போனாலும் ஜனங்கள் முதலில் கேட்கும் பாட்டு. அவள் பாட்டு என்றுதான் ஊரே சொல்கிறது. தன் அண்ணன் செத்த வாரம் திலீபன் எழுதியது. ஒரு சொல்கூட அவளுடையது இல்லை. அறையில் இருந்தாள், அவ்வளவுதான்.

வலித்தது. நன்றாகவே வலித்தது.

அடித்தாள்.

திலீபன் உட்கார்ந்துவிட்டான்.

ஐந்து. ஆறு. எட்டு. ஒன்பதும் பத்தும் அவளும் சேர்ந்து எழுதியவை, அவற்றைத் தொடவில்லை.

பிறகு ஏழுக்கு வந்தாள். யார் பெயரையும் அடிக்கவில்லை. எல்லாப் பெயருக்கும் மேலே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

"ரூல் நான் போட்டது. நானே எடுத்துட்டேன்," என்றாள். "எழுதினவங்க பேரு மட்டும் இருக்கட்டும். முடியாதுன்னா என் குரலையும் எடுத்துடுங்க. வேற யாரையாவது வச்சுப் பாடிக்குங்க."

"மணி பதினொன்னே முக்கால்ங்க," என்றாள் மிருதுளா. அவள் குரலே அவளுக்குக் கேட்டிருக்காது.

மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கேப்ரியல் கையை நீட்டினான். டிரம்ஸ் அடிப்பான், வீட்டுக்குப் போவான். ஆறு வருடத்தில் ஒரு வரி எழுதியதில்லை. பத்துப் பாட்டிலும் அவன் பெயர் இருக்கிறது.

அவள் கையிலிருந்து பேனாவை வாங்கினான். தாளைத் தன் பக்கம் இழுத்து, ஏழாவது பாட்டில் தன் பெயரை அடித்தான்.

"சார்," என்றான் மரியாதையாக. "இந்தப் பாட்டோட ரெண்டாவது சரணம் எப்படி ஆரம்பிக்கும்?"

அருள்வேந்தன் வாயைத் திறந்தார்.

மூடினார்.

திலீபனைப் பார்த்தார். திலீபன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேப்ரியல் பேனாவை அவர் பக்கம் உருட்டிவிட்டான்.