சாம்பல் அட்டை

"எவ்வளவு வாங்கினீங்க?"

கலர் வாத்தியார் நாற்காலியில் உட்காருவதற்குள் பத்திரிகை ஆசிரியை கேட்டுவிட்டார்.

அந்தக் கேமரா பத்திரிகையில் பதினெட்டு வருடமாக நிறம் பார்த்துச் சொல்பவர் அவர். அவர் சிவப்பு என்றால் சிவப்பு. ஆபீஸில் வைத்த பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

மேஜைமேல் இந்த மாத இதழ் விரிந்து கிடந்தது. பரம வைரிகளான இரண்டு கம்பெனிகளின் மீடியம் ஃபார்மட் கேமராக்கள். ஒவ்வொன்றும் ஒரு கார் விலை. ஒரே பெண், ஒரே ஜன்னல் வெளிச்சம். இடது பக்கம் முதல் கேமரா எடுத்த படம், வலது பக்கம் இரண்டாவது.

"நீங்களே எழுதியிருக்கீங்க. முதல் கேமரா கல்லு மாதிரி கனம். ஃபோகஸ் ஆமை வேகம். பேட்டரி அரை நாள்கூட வரல. ரெண்டாவது லேசு, வேகம், கை நடுங்கினாலும் படம் ஆடல. எல்லாத்துலயும் ரெண்டாவதுதான் ஜெயிக்குது. கடைசி வரியில மட்டும், 'நிறத்தில் உண்மை, என் ஓட்டு முதல் கேமராவுக்கே'ன்னு முடிக்கறீங்க. இதுவா நிறம்?"

வலது படத்தில் அந்தப் பெண் ரோஜாப்பூ மாதிரி இருந்தாள். இடது படத்தில் வெளிறி, மஞ்சள் பாய்ந்து கிடந்தாள்.

"முந்நூறு லெட்டர் வந்திருக்கு. ஒருத்தர் எழுதறார், 'காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம். முதல் கேமராவுக்கு முதல்ல வைத்தியம் பாருங்க'ன்னு."

கட்டுரையை மெயிலில் அனுப்பிவிட்டு மூன்று வாரமாக ஆபீஸ் பக்கமே வராதவர் கலர் வாத்தியார். கம்பெனி செலவில் ஊர் சுற்றுகிறார் என்று பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆசிரியை ஒரு தாளை நகர்த்தினார். "அடுத்த இதழ்ல இது வரணும். கையெழுத்து போடுங்க. இல்லன்னா உங்க பக்கம் இன்னியோட சரி."

தாளில் இரண்டே வரி. 'இரண்டாவது கேமராவே சிறந்தது. தவறுக்கு வருந்துகிறேன்.'

அவர் தாளைப் படித்தார். பையிலிருந்து இரண்டு பெரிய பிரிண்டுகளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"இதான் மேடம் முழுப் படம். புத்தகத்துல கீழ்ப்பக்கம் வெட்டிட்டாங்க."

முழுப் படங்களில் அந்தப் பெண் மார்புக்கு நேராக ஓர் அட்டையைப் பிடித்திருந்தாள்.

"நான்தான் வெட்டச் சொன்னேன். அழகா இல்ல."

"அது சாம்பல் அட்டை மேடம். வெளிச்சம் மஞ்சளா இருந்தா அட்டையும் மஞ்சளாயிடும். கேமரா மஞ்சளைப் பூசினா அட்டைக்கும் பூசும். ரெண்டுலயும் அட்டையைப் பாருங்க."

இரண்டிலும் அட்டை அச்சு அசல் சாம்பல். மஞ்சள் துளிகூட இல்லை.

"ரெண்டாவது கேமரா முகத்துக்கு மட்டும் தானா ரோஸ் பூசிடும். நானும் ஆரம்பத்துல முதல் கேமரா மேல தப்புன்னுதான் நெனச்சேன். கம்ப்யூட்டர்ல மஞ்சளைக் குறைச்சேன். முகம் சரியாச்சு, அட்டை நீலமாயிடுச்சு."

"அப்ப அந்த மஞ்சள்..." ஆசிரியை நிறுத்திவிட்டு, இடது படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். அந்தப் பெண்ணின் கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள்.

"யாரு இவங்க?"

"என் வீட்டுக்காரி."

அவளை ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை. ஆசிரியை படத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"மூணு வாரமா ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். ஈரல்ல கோளாறு. மூணு மாசம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா மருந்து மாத்திரையோட போயிருக்கும்னாங்க. நாளைக்கு ஆபரேஷன். பொழச்சுக்குவாளான்னு கேட்டேன். பாக்கலாம்னாங்க."

"மன்னிச்சிடுங்க. நான் என்னென்னமோ பேசிட்டேன்." ஆசிரியை தலை குனிந்தார். பிறகு நிமிர்ந்தார். பத்திரிகைக்காரி அல்லவா! "இதை அப்படியே எழுதிடுவோம். முதல் கேமரா நோயைக் கண்டுபிடிச்சது, ரெண்டாவது கேமரா மறைச்சதுன்னு. படிக்கறவங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

"வேண்டாம் மேடம். கேமரா மேல பழி போடாதீங்க."

"ஏன்? அது மறைச்சது உண்மைதானே?"

அவர் பேனாவைத் திறந்தார்.

"மூணு மாசமா வாரத்துக்கு ஒரு லென்ஸ் டெஸ்ட். எல்லாத்துக்கும் அவதான் உக்காருவா. 'பசியே எடுக்கலைங்க, உடம்பெல்லாம் அரிக்குது'ன்னு சொன்னா. நான், 'பேசாத, ஃபோகஸ் போயிடும்'னேன். அப்புறம் அவ சொல்றதையே விட்டுட்டா."

மறுப்புத் தாளை இழுத்து, முதல் வரியை மட்டும் அடித்தார். 'தவறுக்கு வருந்துகிறேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"ஒரு கேமரா சரியா பாத்துச்சு, ஒண்ணு தப்பா பாத்துச்சு. ஆனா ரெண்டும் அவளைப் பாத்துச்சு மேடம். மூணடி தூரத்துல நின்னும் பாக்காதவன் நான் ஒருத்தன்தான்."